காலர் லேபிளில் இருந்த இன்னொரு பேர்

எங்கள் திருப்பூரில் லேபிள் வெட்டுவது ஒரு தொழில். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிப்போன பனியன்களை உள்ளூர்க் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால், கழுத்துக்குப் பின்னால் இருக்கும் வெளிநாட்டு லேபிளை வெட்டி எடுத்துவிட வேண்டும். நல்லூர்ப் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும், வாசலில் பனியன் குவியலும் கையில் சின்னக் கத்தரியுமாக நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்வம்பு பேசிக்கொண்டே வெட்டுவார்கள். வெட்டின இடத்தில் சில பேர் தங்கள் சொந்த லேபிளை வைத்துத் தைத்துக்கொள்வதும் உண்டு. அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நான் செய்த காரியத்துக்குச் சாக்குத் தேடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சாக்கெல்லாம் அப்போதே தேடி முடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். காலரிலும் ஸ்வெட்டரிலும் வரும் பூவையும் கோட்டையும் முதலில் கிராஃப் தாளில் வரைவார்கள். ஒரு கட்டம் என்றால் துணியில் ஒரு கண்ணி, ஒரு நூல் வளையம். அதை நான் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிட்டிங் மெஷினுக்கு அனுப்புவேன். வரைகிறவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் அவரை அம்மிணி என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணா என்பார். இங்கேயும் அம்மிணி என்றே எழுதுகிறேன். அவர் பேரை எழுதும் தகுதியை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். என் பேரையும் எழுதப்போவதில்லை, அதை வேண்டிய அளவுக்கு எழுதிப் பார்த்தாயிற்று.

மெஷினைப் பொருத்த வந்த ஆள் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஆங்கில விளையாட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். சுடுவதும் குதிப்பதும் இல்லாத விளையாட்டு. திரையில் ஒரு அறை இருக்கும். மவுஸால் கதவைத் தொட்டால் ஆள் கதவுக்குப் போவான், சாவியைத் தொட்டால் எடுத்துப் பையில் வைத்துக்கொள்வான். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று நாம்தான் மண்டையைக் குடைய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதிலேயே கிடந்தோம். முடித்த அன்று அம்மிணி, "ஏனுங்ணா, இதுவும் கட்டம் கட்டமாத்தானுங்க இருக்குது. நாமளே ஒண்ணு செஞ்சா என்னுங்க?" என்றார்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. நான் புரோகிராம் எழுதினேன், அம்மிணி வரைந்தார். தமிழ் எழுத்துகளைக்கூட ஒவ்வொன்றாகக் கிராஃப் தாளில் வரைந்து கொடுத்தார். கதை எங்கள் கதைதான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் மத்தியானம் வரப்போகிறார், அவருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் டி-ஷர்ட்டைக் காணோம். விளையாடுகிறவர் கம்பெனி முழுக்கத் தேட வேண்டும். வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால்தான் ஸ்டோர் ரூம் சாவி கிடைக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஆள் தேட வேண்டும். கடைசியில் பார்த்தால், கட்டிங் மாஸ்டர் சட்டைக்குள்ளே அந்தச் சாம்பிளைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பார். சுவரில் இருக்கும் ஃபேன் சுவிட்சை அணைத்தால், வியர்த்து வழிந்து சட்டையைக் கழற்றுவார். குட்டு வெளிப்பட்டுவிடும். விளையாட்டுக்கு 'சாம்பிள் எங்கே' என்று பேர் வைத்தோம்.

முடிவுத் திரை அம்மிணியின் யோசனை. டி-ஷர்ட் காலர் மெதுவாகத் திரும்பும். உள்ளே ஒரு லேபிள். அதில் எங்கள் இரண்டு பேரின் பேர். "மேல உங்க பேரைப் போடுங்க அம்மிணி" என்றேன். "நீங்க பெரியவங்க" என்று என் பேரை மேலே போட்டு, தன் பேரைக் கீழே சின்னதாகப் போட்டுக்கொண்டார். லேபிளின் நாலு ஓரத்திலும் தையல்கூட வரைந்திருந்தார். அவர் வரைந்த காலர் எத்தனையோ நாட்டில் எத்தனையோ கழுத்தில் கிடந்தது, ஒன்றிலாவது அவர் பேர் இருந்ததா? டிசைன் தாள்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அவர் பேர் வந்த ஒரே இடம் அந்த லேபிள்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பிறகு அம்மிணிக்குக் காங்கேயத்தில் கல்யாணம் ஆயிற்று. எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம். வேலையை விட்டுவிட்டார். நானும் கம்பெனியை விட்டு, சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை போட்டேன். விளையாட்டு மூன்று ஃபிளாப்பியில் தூங்கியது.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் கழித்து, கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிக்க ஆசை வந்து அதைத் தூசு தட்டினேன். புதுக் கம்ப்யூட்டரில் அது சரியாக ஓடவில்லை. இல்லை, ஓடியது, ஓடினதுதான் வினை. பழைய கம்ப்யூட்டரின் நிதானத்துக்கு எழுதின புரோகிராம் அது. கதாநாயகன் கண் இமைப்பதற்குள் திரையைத் தாண்டிவிட்டான். வாட்ச்மேன் டீயை வாங்கின வேகத்தில் குடித்து, தூங்கி, எழுந்தும்விட்டார். நிறமெல்லாம் தாறுமாறு. படம் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் ஒரு மென்பொருளைப் பிடித்து, அதற்குள் இதை உட்காரவைத்து, வேகத்தைத் திருத்தி, படத்தைப் பெரிதாக்கி, ஓரங்களை ஒழுங்குபண்ணி முடிக்க ஆறு மாசம் ஆயிற்று. பெரிதாக்கினபோது ஒவ்வொரு கட்டமும் துணியின் கண்ணி மாதிரி தெரிந்தது. எனக்கே புல்லரித்தது.

முடிவுத் திரையில் மட்டும் லேபிள் எழுத்து மங்கலாகிவிட்டது. திருப்பி எழுத வேண்டியிருந்தது. எழுதினேன், என் பேரை. அதன் கீழே கடைப் பேரையும் போன் நம்பரையும். நின்று யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், நிறைய யோசித்தேன். கல்யாணமான பெண்ணின் பேர் இன்னொரு ஆணின் பேரோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று யோசித்தேன். ஆறு மாசம் ஒண்டியாகக் கஷ்டப்பட்டது நான்தானே என்று யோசித்தேன். ஊரே லேபிள் வெட்டுகிறதே என்றுகூட யோசித்தேன். காங்கேயத்துக்கு ஒரு போன் போட்டு "போடட்டுங்களா அம்மிணி?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவர் 'போடுங்க' என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். எல்லாம் என் ஒருவன் பேரிலேயே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கெல்லாம் சிடி-யை இலவசமாகக் கொடுத்தேன். ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் பத்திரிகையில் நாலு வரி எழுதினார்கள். புரோகிராமைப் பற்றி ஒரு வரி, மிச்சம் மூன்றும் படங்களைப் பற்றி. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். "நீங்களே வரஞ்சதுங்களா?" என்று கேட்டவர்களிடம், "ஏதோ நமக்குத் தெரிஞ்ச அளவுக்குங்க" என்றேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு அம்மிணி போன் செய்தார். அவர் வீட்டுக்காரர் திருப்பூர் வந்தபோது என் கடையில் சிடி வாங்கிப் போயிருக்கிறார். நான் அன்று வெளியே போயிருந்தேன்.

"அண்ணா, கோடு கோடா வருதுங்ணா, ஒண்ணுமே தெரியறதில்ல. ஊட்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சுட்டனுங்க. கடைசியில எம்பேரு வருமில்லீங்களா, அதைப் பாப்பாவுக்குக் காட்டோணும். அம்மா வரைவேன்னா அவ நம்பவே மாட்டீங்கறா."

"நாளைக்கு நானே வர்றனுங்க அம்மிணி" என்றேன். வேறு என்ன சொல்ல?

சாயங்காலம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. அவர் பேரைச் சேர்த்து இன்னொரு சிடி போடுவது ஒரு மணி நேர வேலை. செய்யவில்லை. செய்தால், முன்னால் செய்தது தப்பு என்று நானே எனக்குச் சொன்னது போல ஆகிவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அம்மிணி, அவர் வீட்டுக்காரர், மாமனார், எட்டு வயதுப் பெண் பாப்பா. கம்ப்யூட்டருக்கு முன்னால் வரிசையாக நாற்காலி போட்டிருந்தது. நான் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். "இது கொஞ்சம் கஷ்டமுங்க" என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும்னு பத்திரிகையில போட்டிருந்தாங்களாமுங்க. உங்க கடைப் பையன் சொன்னானுங்க." அவ்வளவுதான், கடைக்காரப் புத்தி முந்திக்கொண்டது. என் சரக்கு ஓடாது என்று என் வாயால் எப்படிச் சொல்வது? ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினேன். படம் பளிச்சென்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பாப்பா மவுஸைப் பிடித்தாள். "அம்மா சொல்ல மாட்டேன், நீயே கண்டுபுடி" என்று அம்மிணி தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு அறை வரும்போதும் மாமனாரிடம், "இந்த மெஷின் நான் வரஞ்சதுங்க மாமா, இந்த ஜன்னலு ரெண்டு நாளாச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கரண்ட் போகாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கும்போது நாலு தடவை போகிற கரண்ட், அன்று கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவில்லை.

பாப்பா படு சூட்டிகை. இரண்டு மணி நேரத்தில் கட்டிங் மாஸ்டர் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே திணறினாள். "மாமா, இங்க என்ன பண்ணோணுமுங்க?" என்று என்னைப் பார்த்தாள்.

"கேண்டீன்ல போயித் தேடிப் பாரு கண்ணு" என்றேன்.

அம்மிணி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். கேண்டீனில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிவது போலவே அவருக்கும் தெரியும். அந்தக் கேண்டீனை வரைந்ததே அவர்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பாப்பா கேண்டீனுக்குப் போய் எல்லாத் தட்டையும் தொட்டுப் பார்த்தாள். நான் அவளைப் பாய்லருக்கு அனுப்பினேன், பிறகு அயர்னிங் டேபிளுக்கு. ஒரு குழந்தையை அரை மணி நேரம் அலையவிட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கடைசியில் அவளே ஃபேன் சுவிட்சைத் தொட்டாள். மாஸ்டருக்குச் சொட்டுச் சொட்டாக வியர்த்தது. மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டர் சட்டையைக் கழற்றினார், சாம்பிள் வெளியே வந்தது. காலர் திரும்ப ஆரம்பித்தது. "இப்பப் பாருங்க, மருமவ பேரு வரப்போவுது" என்று மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

லேபிள் வந்தது. பாப்பா எழுத்துக் கூட்டி என் பேரைப் படித்தாள். கடைப் பேரைப் படித்தாள். கடைப் போன் நம்பரையும் ஒரு எண் விடாமல் படித்தாள். அப்புறமும் திரையில் மேலும் கீழும் தேடினாள்.

"அம்மா, உம்பேரு எங்க?"

"உங்க பேருதானுங்க இருக்குது" என்றார் மாமனார் என்னிடம். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

அம்மிணி எழுந்து பாப்பாவின் தலையில் கை வைத்தார். "இது முடிவில்ல கண்ணு. இன்னொரு கதவு இருக்குது. அதுக்குள்ளார போனாத்தான் அம்மா பேரு வரும்" என்றார். குரல் பிசகவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

பாப்பா என் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். "எங்க மாமா அந்தக் கதவு? ஒரே ஒரு க்ளூ சொல்லுங்க மாமா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? நாலு பேர்தான் இருந்தார்கள். எல்லோரும் தங்கமானவர்கள். "தப்பு என்னுதுங்க" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னது வேறு இரண்டு வார்த்தை: "தேடு கண்ணு."

சாப்பிடாமல் விடமாட்டோம் என்று இலை போட்டார்கள். அம்மிணிதான் பரிமாறினார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்ணா" என்றார். வீட்டுக்காரர் மில் எண்ணெய் ஒரு டின் கொடுத்து, வண்டியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அந்த எண்ணெயை நான் தொடவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தொட்டேன். தீரும்வரை தலைக்குத் தேய்த்துக்கொண்டேன்.

பாப்பா கடைக்கு மூன்று தடவை போன் செய்தாள். "மாமா, எல்லாக் கதவையும் க்ளிக் பண்ணீட்டேனுங்க, அது இல்லீங்க." ஒரு தடவை வாட்ச்மேன் நாற்காலிக்குக் கீழே பார்க்கச் சொன்னேன். இன்னொரு தடவை ஜெனரேட்டர் ஷெட்டைச் சொன்னேன். மூன்றாவது தடவை கடையில் கூட்டமாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் போன் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சில மாசம் கழித்து அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு மாடு. பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு, ஆண்டு விழா அட்டைக்குக் காங்கேயம் காளை ஒன்று வரைந்து தரச் சொன்னார். "இவ்வளவு வரஞ்ச உங்களுக்கு ஒரு காளை பெரிசுங்களா சார்?" என்று கடையிலேயே தாளையும் பென்சிலையும் நீட்டினார். நாலு பேர் சுற்றி நின்றார்கள். மறுக்க வழியில்லாமல் வரைந்தேன். கொம்பு முளைத்த நாய் ஒன்று வந்தது. டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, "நல்லாருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, சட்டம் போட்ட பத்திரிகைப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் சட்டத்தைக் கழற்றினேன். பழைய ஃபிளாப்பியில் இருந்து அம்மிணி வரைந்த லேபிளை எடுத்து, தையலோடு அப்படியே திருப்பி வைத்தேன். 'படங்கள்' என்று போட்டு அவர் பேரை மேலே ஏற்றினேன். பாப்பாவுக்குச் சொன்ன கதவும் இருக்க வேண்டுமே. எனக்குக் கதவு வரையத் தெரியாது. அவர் வரைந்த ஸ்டோர் ரூம் கதவையே நகலெடுத்து, கட்டிங் டேபிளுக்குப் பின்னால் ஒட்டினேன். அதைத் திறந்தால் அந்த லேபிள் வரும். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு. மறுநாளே காங்கேயம் போனேன்.

அம்மிணி வாசலிலேயே நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டார். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன், ஆசைப்பட்டேன் என்பது உட்பட. உள்ளே இருந்து ஏதோ கார் ரேஸ் விளையாட்டின் சத்தம் வந்துகொண்டிருந்தது. சிடி-யை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"பாப்பா தேடறத உட்டுட்டாளுங்ணா" என்றார். "ஒரு மாசம் தேடுனா. அப்பறம் ஒரு நாளைக்கு, 'பரவால்லம்மா, நீ வரையலீனாலும் பரவால்ல'ன்னு எனக்கே ஆறுதல் சொல்றா. இப்பப் போயி இதைக் குடுத்தா, நாஞ்சொல்லித்தான் நீங்க பேரைப் போட்டீங்கன்னு நெனச்சுக்குவாளுங்க. வேண்டாங்ணா, கொண்டு போயிருங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

பாப்பாதான் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். "மாமா, உங்க கேம்ல அந்த மாஸ்டருக்கு வேர்க்கறது சூப்பருங்க. நீங்க நல்லா வரைவீங்க மாமா" என்றாள்.

"நான் வரையல கண்ணு" என்றேன். "எனக்கு ஒரு மாடுகூட வரைய வராது. எல்லாம் உங்கம்மா வரஞ்சது. சத்தியமா."

அவள் அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, பெரியவர்கள் மனசு நோகக் கூடாது என்று எங்கள் பக்கத்துக் குழந்தைகள் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.

"சரிங்க மாமா" என்றாள்.